ஹௌரா பாலத்தடியில் எடுத்த படம்

ஜனவரி 18, சனி

இந்த டைரி குருநாதன் அண்ணன் கொடுத்தது. என் நாத்தனார் இந்திராணியின் வீட்டுக்காரர். முறைக்கு எனக்கு அண்ணன். பெரியகுளத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். நாங்கள் கல்கத்தா போகிறோம் என்றதும் தன் கேமராவைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறி வந்துவிட்டார். வீசிங் உள்ள மனுஷன் பனியில் கிளம்புகிறாரே என்று இந்திராணி போனிலேயே கத்தினாள். அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே.

என் வீட்டுக்காரருக்கு எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, மச்சான் படம் எடுக்கட்டும். நீ எழுது. வந்த பெறகு ரெண்டையும் எனக்குக் காட்டணும். நானும் கல்கத்தா போய்ட்டு வந்த மாதிரி ஆயிரும்ல" என்றார்.

ஆகவே அண்ணனே, நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மை போடாதீர்கள்.

இதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு தடவை எங்கள் பயணம் உங்களால்தான் நின்றது. டெல்லிக்கு டிக்கெட் போட்டபோது உங்களுக்கு மூச்சுத்திணறல். அடித்துப் பிடித்து ஓடி வந்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, சட்னியில் உப்பில்லை என்று நர்சிடம் வழக்காடிக்கொண்டிருந்தீர்கள். காஷ்மீருக்குக் கிளம்பியபோதும் அதே கதை. நேற்று நீங்களே சொன்னீர்கள்: "இந்தத் தடவை எனக்கு என்ன ஆனாலும் நீங்க வரக் கூடாது, ஆமா!" எல்லோரும் சிரித்தோம்.

ஜனவரி 20, திங்கள்

கல்கத்தா வந்து சேர்ந்தோம். மஞ்சள் டாக்சி. டாக்சிக்காரர் பெங்காலியில் பேசினார், இவர் தமிழில் பேசினார், இருவரும் நன்றாகப் புரிந்ததுபோலத் தலையாட்டினார்கள். சுற்றி எங்கோ போய்க் கடைசியில் ஓட்டல் வந்தது.

ஊரெல்லாம் கடுகெண்ணெய் வாசம். எனக்குக் குமட்டியது. இவர் மீன் சாப்பிட்டுவிட்டு, "நம்ம ஊர் மீனு பக்கத்துல நிக்க முடியாது" என்று சொல்லி என் வாயைக் கிளறினார்.

கைக்குக் கேமரா வந்ததிலிருந்து இவருக்கு வேறு எதுவும் கையில் இருக்கக் கூடாது. பர்ஸ், கண்ணாடிக் கூடு, பழுப்பு உறை போட்ட அந்தப் பெரிய போன், எல்லாம் என் கைப்பையில். நான் என்ன சுமை தூக்கும் கூலியா என்று கேட்டேன். அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

ஜனவரி 21, செவ்வாய்

விக்டோரியா நினைவு மண்டபம். வெள்ளைக்காரன் பளிங்கைக் கொட்டிக் கட்டியிருக்கிறான். உள்ளே பார்த்ததைவிட வெளியே புல்தரையில் உட்கார்ந்திருந்ததுதான் எனக்குப் பிடித்தது. குளிர் இருந்தது. இவர் தன் மஃப்ளரை எடுத்து என் காதைச் சுற்றிக் கட்டினார். முப்பத்து நாலு வருஷத்தில் பொது இடத்தில் இப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை. பக்கத்தில் காலேஜ் பிள்ளைகள் கைகோர்த்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எங்களைப் பார்க்கவில்லை.

டிராமில் போனோம். நடந்தே போயிருந்தால் சீக்கிரம் போயிருக்கலாம். ஆனாலும் இறங்க மனம் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து மாமனார், மாமியார், இவருடைய மின்வாரிய ஷிப்ட், பிள்ளைகள் படிப்பு என்று போன காலம் போகட்டும். இன்று நான் சந்தோஷமாக இருந்தேன். எழுதி வைக்கிறேன், பின்னால் மறந்துபோகும்.

ஜனவரி 22, புதன்

ஹௌரா பாலம் பார்த்தோம். தூணே இல்லாமல் ஆற்றுக்குக் குறுக்கே நிற்கிறது. பாலத்தடியில் பூச்சந்தை. மஞ்சள் சாமந்தி மாலைகளை ஆள் உயரத்துக்குக் குவித்து வைத்திருக்கிறார்கள். மண் குவளையில் டீ குடித்தோம். அந்தக் குவளையைக் குடித்ததும் போட்டு உடைக்க வேண்டுமாம். எனக்கு மனம் வரவில்லை, கழுவிப் பையில் வைத்துக்கொண்டேன்.

நடுவில் ஒரு போன் வந்தது. லோன் வேண்டுமா என்று கேட்டார்கள். வேறு விசேஷம் இல்லை.

ஜனவரி 23, வியாழன்

நேற்றைய பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். கிழித்தால் பின்பக்கமும் சேர்ந்து போகும், அதில் டிராமில் போனது இருக்கிறது.

லோன்காரன் போன் இல்லை அது. இவருடைய போனில் இந்திராணிதான் கூப்பிட்டாள். இவர் எனக்கு எதிரே பத்தடி தள்ளிக் கேமராவும் கண்ணுமாக நின்றார்.

"மதினி, அண்ணன் இல்லையா? இவுகளுக்கு மறுபடி மூச்சு இழுப்பு வந்திருச்சு. தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம். மச்சான வரச் சொல்லு, மச்சான வரச் சொல்லுன்னு ஒரே பாட்டா இருக்காக. அண்ணன்கிட்ட குடுங்க மதினி."

கொடுத்திருக்கலாம். பத்தடி. ஒரு குரல் கொடுத்துக் கையை நீட்டினால் போதும்.

"அவரு அந்தப் பக்கம் போயிருக்காரு இந்திராணி. வந்ததும் சொல்றேன். நாங்க கிளம்புறோம். நீ தைரியமா இரு" என்று என் வாய் சொல்லியது. சொல்லும்போதே இவர், "தமயந்தி, இப்படித் திரும்பு! பூவுக்கு முன்னால நில்லு!" என்று கத்தினார். திரும்பினேன். படம் எடுத்தார். நான் சிரித்ததாகக்கூட ஞாபகம்.

"யாரு போன்ல?" என்றார்.

"லோன் வேணுமான்னு கேக்குறான்."

"இந்த வயசுல லோன் வாங்கி நாம என்ன மாளிகையா கட்டப் போறோம்" என்று சிரித்துவிட்டுப் படகுத்துறைக்கு நடந்தார். நான் அந்த அழைப்பைப் போனிலிருந்து அழித்துவிட்டுச் சத்தத்தையும் நிறுத்திவைத்தேன்.

புலி வருது புலி வருது என்று இரண்டு தடவை ஓடியாயிற்று. இரண்டு தடவையும் புலி கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தது. இதையும் சொன்னால் இவர் அந்த நிமிஷமே கிளம்பிவிடுவார், மறுபடி ஒருநாளும் எங்கேயும் கூட்டிப்போக மாட்டார். நாளைக்குத் தட்சிணேஸ்வரம், நாளன்றைக்கு எப்படியும் ஊருக்குத் திரும்புகிறோம். ஒன்றரை நாள்தானே. அதோடு அவரே சொன்னாரே, எனக்கு என்ன ஆனாலும் வரக் கூடாது என்று. நேற்று இதெல்லாம் எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

இன்று காலை ஓட்டல் குளியலறையிலிருந்து நானே என் போனில் இந்திராணியைக் கூப்பிட்டேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினேன். "இப்ப கொஞ்சம் பரவாயில்ல மதினி. எங்க வந்துக்கிட்டு இருக்கீங்க?" என்றாள்.

"டிக்கெட் போட்டாச்சு. வந்துக்கிட்டே இருக்கோம்."

அவள் போனைத் தள்ளிப் பிடித்து உரக்கச் சொன்னது கேட்டது. "ஏங்க, அண்ணன் வந்துக்கிட்டே இருக்காராம். பேசாமப் படுங்க."

பரவாயில்லை என்றுதானே சொன்னாள்.

வெளியே நேதாஜி பிறந்தநாள் ஊர்வலம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாண்டு வாசித்துப் போனார்கள். இவர் ஓடி ஓடிப் படம் எடுத்தார். தட்சிணேஸ்வரத்தில் காளி முன்னால் நின்றபோது என்ன வேண்டுவது என்றே தெரியவில்லை. அண்ணனுக்குச் சுகமாக வேண்டும் என்று வேண்டினேன். அதற்குள்ளும் என் சுயநலம் இருந்தது. அவர் பிழைத்தால்தான் நான் பிழைப்பேன்.

வரும் வழியில் இந்திராணிக்கு ஒரு சேலை எடுத்தேன். நல்ல அரக்குச் சிவப்பில் பெங்கால் காட்டன், பொன்னிறக் கரை. இவருக்கு ஒரே ஆச்சரியம். "எந்தங்கச்சிக்கு நீயா எடுத்துக் குடுக்குற? மழை வரும் போலிருக்கே" என்றார். நாத்தனாருக்கு நான் இதுவரை தீபாவளிச் சேலைக்கு மேல் எதுவும் எடுத்ததில்லை, உண்மைதான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு சேலை எடுக்கிறது.

ஜனவரி 24, வெள்ளி. விமானத்தில்

அண்ணன் போய்விட்டார்.

இந்திராணி மகன் பிரபு என் போனில் கூப்பிட்டான். நான் தலை சீவிக்கொண்டிருந்தேன், கட்டிலில் கிடந்த என் போனை இவர் எடுத்துவிட்டார். அவன் கோயம்புத்தூரிலிருந்து விடியற்காலைதான் வந்து சேர்ந்தானாம். அதற்குள் முடிந்துவிட்டது. இவர், "ம்... ம்... சரிய்யா" என்று மட்டும் சொன்னார். பிறகு ஒரு காலில் காலுறையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு நாளா ஆஸ்பத்திரில இருந்திருக்கான் தமயந்தி. எனக்கு ஒருத்தரும் சொல்லலையே. இந்திராணிக்கு என் நம்பர் தெரியாதா?"

தன் போனை என் பையிலிருந்து எடுத்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. நான்தான் துடைத்து வைத்திருந்தேனே.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. இவர் அழுதுகொண்டிருந்தார். அழுகிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். எனக்குச் சாக்குக்குப் பஞ்சமே இல்லை.

இவர் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி வருகிறார்.

ஜனவரி 25, சனி. பெரியகுளம்

நேற்று நாங்கள் வந்து சேரும்போது பொழுது சாயப் போகிற நேரம். எங்களுக்காகவே எடுக்காமல் வைத்திருந்தார்கள். மச்சான் வந்து முகம் பார்க்காமல் எடுக்கக் கூடாது என்று இந்திராணி சொல்லிவிட்டாளாம். இவர் தலைமாட்டில் நின்று, "மாப்ள, எந்திரி மாப்ள, படம் எடுத்துட்டு வந்திருக்கேன் பாரு" என்றார். சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் குலுங்கி அழுதார்கள். நான் அழவில்லை. எனக்கு அழ உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் நின்றேன்.

ஒரு பெரியவர் கோடி எங்கே என்று கேட்டார். புருஷன் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வர வேண்டும். அண்ணன் கொடுக்க, அண்ணன் பெண்டாட்டி நாத்தனார் தோளில் போர்த்த வேண்டும். எங்கள் பக்கத்தில் நிறம் பார்ப்பதில்லை, புதுசாக இருந்தால் போதும். வந்த வேகத்தில் அதை நாங்கள் நினைக்கவே இல்லை. கடைவீதிக்குப் போய் வருவதற்குள் இருட்டிவிடும்.

"ஏய், அந்தக் கல்கத்தா சேலை பெட்டிலதான இருக்கு?" என்றார் இவர்.

நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். என்ன காரணம் சொல்வது? அதற்குள் இவரே பெட்டியைத் திறந்து சேலையை எடுத்துவிட்டார். விலைச்சீட்டுக்கூடப் பிய்க்கவில்லை. அதை என் கையில் கொடுத்தார். அண்ணன் உயிரோடு இருந்து என்னைக் காப்பாற்றட்டும் என்று எடுத்த சேலை. அதை நானே பிரித்து இந்திராணி தோளில் போர்த்தினேன். என் கை அவள் கழுத்தில் பட்டது. அவள் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

எடுத்துப் போன ஆண்கள் திரும்பி வந்த பிறகு அந்தப் பேச்சு வந்துவிட்டது. அந்தப் பெரியவர்தான் ஆரம்பித்தார். "ரெண்டு நாளா மச்சான் மச்சான்னு கெடந்தானாமே. கூடப் பொறந்தவனுக்கு ஒரு வார்த்த சொல்லலையா தாயி? சொல்லியும் அவன் வரலையா?"

இவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். இந்திராணி முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

"நான்தான் சொல்லல சித்தப்பா. எப்பவும் வர்ற இழுப்புதானேன்னு விட்டுட்டேன். எங்கண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல."

"நீ ஒரு போன் போட்டிருக்கலாம்லமா" என்று இவர் உடைந்துபோய்க் கேட்டார்.

"போட்டிருக்கலாம்ண்ணே. எனக்குத் தோணல."

ஜனவரி 28, செவ்வாய்

கருமாதிவரை இங்கேயே இருக்கிறோம். வருகிற போகிறவர்களுக்குக் காபி போடுகிறேன், பாத்திரம் துலக்குகிறேன், கூடம் பெருக்குகிறேன். "அண்ணன் பொண்டாட்டி கூடப் பொறந்தவ மாதிரி இழுத்துப் போட்டுச் செய்றாளே, இப்படி மதினி யாருக்குக் கிடைக்கும்" என்று ஒரு அம்மாள் சொன்னாள். இந்திராணி காதிலும் விழுந்திருக்கும்.

அவளிடம் தனியாகப் பேச வேண்டும் என்று அவள் இருக்கிற அறைக்குப் போகிறேன். போய், "வெந்நீர் வைக்கட்டா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறேன். ஒரு நாளைக்கு எத்தனை வெந்நீர்தான் வைப்பது.

ஜனவரி 30, வியாழன்

காபி, பாத்திரம், கூடம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மத்தியானம் வீட்டில் வேறு யாரும் இல்லை. இவர் கூடத்தில் அண்ணன் படத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேமராவின் பின்பக்கத்தைப் படத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார். "இது விக்டோரியா மாப்ள. இது டிராமு. இதுல வெளிச்சம் கூடிப்போச்சு, நீ சொன்ன பொத்தான அமுக்க மறந்துட்டேன்." நான் அடுப்படி நிலையில் நின்று பார்த்தேன். போய்த் தடுக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

இந்திராணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் காட்டுண்ணே" என்றாள்.

அந்தப் படம் வந்தது. இருந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது, மஞ்சள் பூக் குவியல் அப்படி. நடுவில் நான். காதில் போன். என்னுடைய சின்னச் சிவப்புப் போன் இல்லை. பழுப்பு உறை போட்ட பெரிய போன்.

"இது என்னைக்கு எடுத்ததுண்ணே?"

"இதா? ஹௌரா பாலத்தடில. புதன்கிழம காலைல."

இந்திராணி கொஞ்ச நேரம் பார்த்தாள். "மதினி இதுல நல்லா விழுந்திருக்காக" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இவர் அடுத்த படத்துக்குப் போகவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேமராவை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். நான் அடுப்படிக்குள் போய்த் துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினேன்.

பிப்ரவரி 8, சனி

கருமாதி முடிந்தது. ஊருக்குக் கிளம்பும் முன் இந்திராணி இருந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். கொடியில் அந்த அரக்குச் சேலை துவைத்துக் காயப்போட்டிருந்தது. அவள் காலைப் பிடித்துவிட வேண்டும் என்றுதான் போனேன். "இந்திராணி, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லாதீங்க மதினி."

குரல் உயரவே இல்லை. மடித்துக்கொண்டிருந்த போர்வையை மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"நீங்க சொல்லிட்டா நான் சண்ட போடணும். இல்ல, போனாப் போகுதுன்னு சொல்லணும். ரெண்டுக்கும் எங்கிட்ட தெம்பு இல்ல. எங்கப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல, இப்ப இவுகளும் இல்ல. இனி எனக்குப் பொறந்த வீடுன்னா அது எங்கண்ணன் வீடுதான். அந்த வாசக்கதவு உங்க கையில இருக்கு. நாளைக்கு நான் வந்தா நீங்கதான தொறக்கணும். அதை நான் ஒடச்சுக்க மாட்டேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க. வந்துக்கிட்டே இருக்காருன்னு நீங்க சொன்னீங்கள்ல. அன்னைக்கு ராத்திரி பூரா இவுக வாசலப் பாத்தே படுத்திருந்தாக. அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தா மூச்சு முட்டும். சொன்னாக் கேக்கல."

வெளியே இவர் காரில் பெட்டியை ஏற்றிவிட்டு, "தமயந்தி, நேரமாச்சு" என்று கூப்பிட்டார். இந்திராணி எனக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

பிப்ரவரி 12, புதன். திண்டுக்கல்

வீடு கழுவினேன். தோசைக்கு அரைத்தேன். பையிலிருந்த மண் குவளை உடைந்து கிடந்தது, அள்ளிப் போட்டேன்.

இவர் கடைவீதியில் கல்கத்தாப் படங்களைப் பிரிண்ட் போட்டு ஆல்பம் வாங்கி வந்தார். கேமராவைப் பிரபுவிடம் கொடுக்க வேண்டும் என்று துடைத்து உறையில் வைத்தார். ஆல்பத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். விக்டோரியா இருந்தது. மஃப்ளர் கட்டிய என் முகம் இருந்தது. டிராம், பாண்டு வாத்தியப் பிள்ளைகள், காளி கோயில் கோபுரம், எல்லாம் இருந்தன. ஹௌரா பாலம்கூட இரண்டு படம் இருந்தது, பாலம் மட்டும்.

"பூச்சந்தையில என்னைய ஒண்ணு எடுத்தீங்களே?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அடி விழட்டும் என்று முதுகைக் காட்டுகிற மாதிரிதான்.

இவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது ஆடிப்போச்சு. தெளிவா விழல. அழிச்சுட்டேன்."

அந்தப் படம் ஆடவே இல்லை. இத்தனை படத்தில் அதுதான் மிகத் தெளிவாக விழுந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

இவர் என்னிடம் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. காலையில் காபி குடித்தார், சர்க்கரை சரியாக இருக்கிறது என்றார். முன்பு ஒருநாளும் சொன்னதில்லை, குறை இருந்தால்தான் வாயைத் திறப்பார். திட்டினால்கூடத் தேவலை. நானாக ஆரம்பித்தால் கடைக்குப் போக வேண்டும் என்று எழுந்துவிடுகிறார்.

ஊரிலிருந்து வந்ததிலிருந்து தன் போனைச் சட்டைப் பையில்தான் வைத்துக்கொள்கிறார். குளிக்கப் போனால் குளியலறை மாடத்தில் இருக்கிறது, தூங்கும்போது தலையணைக்கடியில் இருக்கிறது. நல்ல பழக்கம்தான். வயதான காலத்தில் அவரவர் போன் அவரவர் கையில் இருப்பதே நல்லது.

இப்போது இந்திராணி கூப்பிட்டாள். முன்பெல்லாம் மணி அடித்தால், "இந்தா, உன் நாத்தனா" என்று என் பக்கம் நீட்டுவார். இன்று எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார். நான் அவரைக்காய் ஆய்ந்துகொண்டே கேட்டேன். "ம்... சாப்பிட்டேம்மா." கொஞ்ச நேரம் கழித்து, "அவளும் சாப்பிட்டா. நல்லாதான் இருக்கா."

அவள் என்னைத்தான் கேட்டிருக்கிறாள். நான் இன்னும் சாப்பிடவில்லை.